கிளர்ச்சியாளர், பயங்கரவாதி, தீவிரவாதி: எந்த இடத்தில் எந்தச் சொல்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சிம்மக்கல் நூலகத்திலும் நத்தம் சாலை கலைஞர் நூற்றாண்டு நூலகத்திலும் போட்டித் தேர்வுக்குப் படிக்கிறவர்கள், செய்தி மொழிபெயர்க்கிறவர்கள், உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் புதிதாகக் கறுப்பு அங்கி போட்ட ஜூனியர்கள்: இந்த மூன்று தரப்பும் திரும்பத் திரும்பத் தடுமாறும் இடங்கள்தான் இங்கே கேள்விகளாக இருக்கின்றன. எடுத்துக்காட்டுகளைக் கூடுமானவரை பக்கத்திலிருந்தே எடுத்திருக்கிறோம்.

கிளர்ச்சியாளருக்கும் பயங்கரவாதிக்கும், ஒரே மூச்சில் சொன்னால் வித்தியாசம் என்ன?

இரண்டு சொற்களும் இரண்டு வேறு கேள்விகளுக்கான பதில்கள். யாரை எதிர்த்து, எதற்காக ஆயுதம் எடுத்தார் என்று கேட்டால் வருவது 'கிளர்ச்சியாளர்'. இருக்கிற அரசை ஆயுதத்தால் எதிர்த்து, நிலத்தையோ மக்கள் ஆதரவையோ கையில் எடுத்து, ஆட்சியை மாற்றவோ பிரிந்துபோகவோ பார்க்கிறவர் அவர். எப்படி அடித்தார் என்று கேட்டால் வருவது 'பயங்கரவாதி'. சண்டையில் இல்லாத மக்களைத் தெரிந்தே தாக்கி, அதனால் பரவும் அச்சத்தைக் கொண்டு வேறொருவரை, பெரும்பாலும் அரசை, பணியவைக்கப் பார்க்கிறவர் இவர்.

'லாரி டிரைவர்', 'சிக்னலை மீறியவர்' என்ற இரண்டையும் யாரும் எதிர்ச்சொற்களாக நினைப்பதில்லை. இதுவும் அப்படித்தான்.

அப்படியானால் ஒரே இயக்கம் இரண்டுமாக இருக்க முடியுமா?

முடியும், பெரும்பாலும் அப்படித்தான் இருக்கிறது. விடுதலைப் புலிகளையே எடுத்துக்கொள்வோம். வன்னியில் கிளிநொச்சியை மையமாக வைத்துக் காவல்துறை, நீதிமன்றம், வரி வசூல் எல்லாம் நடத்தினார்கள். கடற்படை வைத்திருந்தார்கள். 2002 பிப்ரவரியில் நார்வேயின் முயற்சியில் இலங்கை அரசோடு போர்நிறுத்த உடன்பாடு செய்தார்கள். ஆயுதக் கிளர்ச்சிக்கு இதைவிடப் பொருத்தமான எடுத்துக்காட்டு தெற்காசியாவில் கிடைப்பது அரிது. 1985-இல் அனுராதபுரத்தில் யாத்ரீகர்கள் மீது நடந்த தாக்குதலும், 1996 ஜனவரி 31 அன்று கொழும்பு மத்திய வங்கி மீது நடந்த லாரிக் குண்டுத் தாக்குதலும் அதே இயக்கத்தின் கணக்கில்தான் வருகின்றன. செத்தவர்களில் பெரும்பாலோர் சாதாரண மக்கள். முறையை வைத்துப் பார்த்தால் இவற்றுக்குப் பயங்கரவாதம் என்பதைத் தவிர வேறு பெயர் இல்லை.

நம் ஊர் மேடைகளில் ஒரு தரப்பு முதல் பாதியை மட்டும் பேசும், இன்னொரு தரப்பு இரண்டாம் பாதியை மட்டும் பேசும். இரண்டு பாதியும் நடந்தவைதான். ஒன்று மற்றொன்றை அழிப்பதில்லை.

இதில் கவனிக்க இன்னொன்று உண்டு. பேச்சுவார்த்தைக்காக இலங்கை அரசே 2002 செப்டம்பரில் புலிகள் மீதான தடையை நீக்கியது. 2009 ஜனவரியில் மறுபடியும் போட்டது. பழைய தாக்குதல்கள் நடுவில் நடக்காதவை ஆகிவிடவில்லை. அரசு ஒட்டும் முத்திரை அரசியல் தேவைக்கு ஏறும், இறங்கும். அதனால் முத்திரையை ஒரு தகவலாகக் குறித்துக்கொள்ளலாமே தவிர, அதையே ஆதாரமாக்க முடியாது.

'தீவிரவாதி'யும் 'பயங்கரவாதி'யும் ஒன்றா?

நம் நாளிதழ்கள் ஒன்றாகத்தான் பாவிக்கின்றன. ஒரே செய்தியின் தலைப்பில் ஒன்று, முதல் பத்தியில் மற்றொன்று. ஆனால் பொருள் வேறு. தீவிரவாதி என்பவர் கருத்தில் தீவிரமானவர், மிதவாதிக்கு எதிர்ப்பதம். காங்கிரஸில் திலகரையும் வ.உ.சி.யையும் தீவிரவாதிகள் என்றுதான் பள்ளிப் பாடநூல் சொல்லிக்கொடுத்தது. அதைப் படித்துவிட்டு வந்த மாணவர், காலையில் பேப்பரைத் திறந்து 'காஷ்மீரில் தீவிரவாதிகள் சுட்டுக்கொலை' என்று பார்த்தால் குழம்பாமல் என்ன செய்வார்?

குழப்பத்தின் வேர் மொழிபெயர்ப்பில் இருக்கிறது. ஆங்கிலப் பத்திரிகைகள் காஷ்மீர் ஆயுதக் குழுக்களுக்கு 'மிலிட்டன்ட்' என்று எழுதின. தமிழில் அதற்குத் தோதான சொல் கிடைக்காமல் 'தீவிரவாதி' வந்து உட்கார்ந்துகொண்டது. மாவோயிஸ்டுகள் விஷயத்தில் மட்டும் அது ஓரளவு சரி, ஏனென்றால் மத்திய உள்துறை அமைச்சகமே அதை 'இடதுசாரித் தீவிரவாதம்' என்றுதான் வகைப்படுத்துகிறது. வடகிழக்கில் நடப்பதற்குக் 'கிளர்ச்சி' என்று தனிப் பெயர். ஆனால் மாவோயிஸ்ட் கட்சி 2009 ஜூனிலிருந்து சட்டப்படி பயங்கரவாத அமைப்புகளின் பட்டியலிலும் இருக்கிறது.

கிளர்ச்சி என்றால் போராட்டம்தானே? அதற்கு ஏன் ஆயுதம்?

நியாயமான கேள்வி. தமிழில் 'கிளர்ச்சி' ஊர்வலத்துக்கும் பொருந்தும், துப்பாக்கிக்கும் பொருந்தும். 1965 ஜனவரி 25 அன்று மதுரை வடக்கு மாசி வீதியில் மாணவர் ஊர்வலத்தில் மோதல் வெடித்து மாநிலம் முழுக்கப் பரவியதே, அதுவும் இந்தி எதிர்ப்புக் கிளர்ச்சிதான். அந்த மாணவர்களையும் மிசோ மலைகளில் (இன்றைய மிசோரம்) இயந்திரத் துப்பாக்கி தூக்கியவர்களையும் ஒரே சொல்லில் அடைப்பது அநியாயம். அதனால் ஒரு எளிய வழி: ஆயுதம் இருந்தால் 'ஆயுதக் கிளர்ச்சி', 'ஆயுதக் கிளர்ச்சியாளர்' என்று முழுசாக எழுதுங்கள். ஒரு சொல் கூடினால் ஒன்றும் குறைந்துவிடாது.

'போராளி' என்பதில் பாராட்டு ஒட்டியிருக்கிறது. 'கலகக்காரர்' என்பதில் ஏளனம் ஒட்டியிருக்கிறது. மேற்கோளுக்குள் தவிர இரண்டையும் ஒதுக்குவது நல்லது.

ஒரு சம்பவத்தை எப்படிச் சோதித்துப் பார்ப்பது?

முதலில் குறி யார் என்று பாருங்கள். செத்தவர் யார் என்பது அடுத்த கேள்வி. ராணுவ வண்டிக்கு வைத்த குண்டில் வழியே போன இரண்டு பேர் இறந்தால், குறி ராணுவம். அது போர்க்குற்றமாக ஆகலாம், ஆனால் பொதுமக்களைக் குறிவைத்ததாக ஆகாது. ஆரம்பத்தில் பலரும் சறுக்குவது இங்கேதான்.

பிறகு, அந்த அடி யாருக்குச் சொல்லப்பட்ட சேதி என்று பாருங்கள். ராணுவ முகாமைத் தாக்கினால் அடிபடுகிறவரும் எதிரியும் ஒருவரே. சந்தையில் குண்டு வைத்தால், அடிபடுவது காய்கறி வாங்க வந்தவர், சேதி போய்ச் சேர வேண்டியது அரசுக்கு. அடிபடுகிறவரும் சேதியைப் பெறுகிறவரும் இப்படிப் பிரியும்போதுதான் பயங்கரவாதம் என்ற சொல் தன் சரியான பொருளில் நிற்கிறது.

மூன்றாவது, அமைப்பும் காலமும். ஒரு தலைமை, தொடர்ந்த மோதல், கொஞ்சமாவது கட்டுப்பாட்டில் நிலம், இவை இருந்தால்தான் ஆயுதக் கிளர்ச்சி. நாலு பேர் வாடகை வீட்டில் உட்கார்ந்து ஒரு குண்டு செய்தால் அது கிளர்ச்சி ஆகிவிடாது, அவர்கள் என்ன அறிக்கை விட்டாலும் சரி.

திருமங்கலம் பக்கம் ஆலம்பட்டியில் 2011 அக்டோபர் 28 அன்று, அத்வானியின் யாத்திரை வரவிருந்த வழியில் பாலத்துக்கடியில் குழாய் வெடிகுண்டு கண்டெடுக்கப்பட்டது. சோதித்துப் பாருங்கள். குறி: ஆயுதம் இல்லாத அரசியல் தலைவர், பொதுச் சாலை. நிலமோ தொடர்ந்த மோதலோ கிடையாது. கிளர்ச்சி என்ற பேச்சுக்கே இடமில்லை, முறை பயங்கரவாத முறை. ஆனால் குண்டு வைத்தது யார் என்பது இந்தச் சோதனையில் வராது. அதைச் சொல்ல வேண்டியது நீதிமன்றம்.

சங்கடமான இடங்களும் உண்டு. விடுப்பில் ஊருக்கு வந்து, சாதா உடையில் பேருந்தில் போகும் ராணுவ வீரர் குறியானால்? அமெரிக்க வெளியுறவுத் துறையின் விளக்கப்படி பணியில் இல்லாத, ஆயுதம் ஏந்தாத படைவீரரும் சண்டையில் இல்லாதவர்தான். இந்த விளக்கத்தை எல்லா நாடும் ஏற்கவில்லை. போலீஸ்காரர் விஷயம் இன்னும் சிக்கல்: சாதாரணச் சட்டம் ஒழுங்குப் பணியில் இருப்பவரைப் போர்ச் சட்டம் பொதுமக்களோடு சேர்க்கிறது, மோதலில் நேரடியாக இறங்கினால் அந்தப் பாதுகாப்பு போய்விடும்.

மருது சகோதரர்களும் கான் சாகிபும் இதில் எங்கே வருவார்கள்?

கான் சாகிப் என்கிற யூசுப் கான், கிழக்கிந்தியக் கம்பெனிக்காக மதுரையை நிர்வகித்தவர். 1763-இல் கம்பெனியையும் ஆற்காட்டு நவாபையும் எதிர்த்து நின்றார். கோட்டையை முற்றுகையிட்டும் பிடிக்க முடியாமல், கூட இருந்தவர்களே காட்டிக்கொடுத்த பிறகுதான் அகப்பட்டார். 1764 அக்டோபர் 15 அன்று தூக்கிலிட்டார்கள். சம்மட்டிபுரத்தில் அவருடைய அடக்கத் தலம் இருக்கிறது. கோட்டை, படை, வரி, எதிரில் இன்னொரு படை எல்லாம் இருந்ததால் அவர் ஆயுதக் கிளர்ச்சியாளர்.

மருதிருவருக்கு வருவோம். 1801 ஜூன் 16 தேதியிட்ட அறிக்கை திருச்சிக் கோட்டையிலும் ஸ்ரீரங்கத்திலும் ஒட்டப்பட்டது. விருப்பாட்சி கோபால நாயக்கர், ஊமைத்துரை என்று பாளையக்காரர்களின் கூட்டணி, காளையார்கோவிலில் போர், அக்டோபர் 24 அன்று திருப்பத்தூரில் தூக்கு. இதுவும் அதே வகைதான். ஆனால் அந்த அறிக்கையில் வெள்ளையரைக் கண்ட இடத்தில் அழிக்கச் சொல்லும் பகுதியும் உண்டு. இன்றைய அளவுகோலை அதன்மேல் வைத்தால் குறி யார் என்ற கேள்வி அங்கேயும் எழத்தான் செய்யும்.

'கிளர்ச்சியாளர்' என்ற சொல்லும் நடுநிலையானது இல்லை என்பதை இங்கேதான் பார்க்கலாம். கிளர்ந்து எழ வேண்டுமானால் மேலே ஒரு சட்டப்படியான அரசு இருக்க வேண்டும். சிவகங்கைச் சீமையின் பார்வையில் கம்பெனி அரசே இல்லை, நவாபின் கடனுக்கு ஈடாக வரி பிரிக்க வந்த வியாபாரி. 'பாளையக்காரர் கிளர்ச்சி' என்று எழுதும்போதே பாதி வழக்கைக் கம்பெனிக்குத் தீர்த்துக் கொடுத்துவிடுகிறோம். 'பாளையக்காரர் போர்' என்பது பரவாயில்லை.

வாஞ்சிநாதன்?

1911 ஜூன் 17, மணியாச்சி ரயில் நிலையம், பெட்டியில் மனைவியோடு உட்கார்ந்திருந்த திருநெல்வேலி கலெக்டர் ஆஷ். குறி ஒரே ஆள், அவர் சிவில் அதிகாரி. பக்கத்தில் இருந்தவரைத் தொடவில்லை. கண்மூடித்தனமான தாக்குதல் இல்லை, படை மோதலும் இல்லை. சரியான பெயர் 'அரசியல் கொலை'. அந்தக் கால ஆங்கிலேயக் கோப்புகள் இப்படிப்பட்டவர்களைப் பயங்கரவாதிகள் என்றன, நாம் தியாகி என்கிறோம். இரண்டும் உணர்ச்சியோடு கூடிய சொற்கள். நடந்ததைச் சொல்ல இரண்டுமே தேவையில்லை.

இந்தியச் சட்டத்தில் 'கிளர்ச்சியாளர்' என்று ஒரு வகை உண்டா?

உபா எனப்படும் சட்டவிரோத நடவடிக்கைகள் தடுப்புச் சட்டத்தில் அப்படி ஒரு வரையறை கிடையாது. இந்தியத் தண்டனைச் சட்டத்தின் இடத்தில் வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் அரசுக்கு எதிராகப் போர் தொடுத்தல் (பிரிவு 147) இருக்கிறது, பிரிவினையையும் ஆயுதக் கிளர்ச்சியையும் தூண்டுதல் (பிரிவு 152) இருக்கிறது. பயங்கரவாதச் செயலுக்கு உபாவின் பிரிவு 15, அதையொட்டி 2024 ஜூலை 1 முதல் சன்ஹிதாவின் பிரிவு 113.

பிரிவு 15-ஐ ஒரு தடவை நிதானமாகப் படியுங்கள். 'பொதுமக்களைத் தாக்கினால்' என்ற நிபந்தனை அதில் இல்லை. நாட்டின் ஒற்றுமை, ஒருமைப்பாடு, பாதுகாப்பு, பொருளாதாரப் பாதுகாப்பு, இறையாண்மை ஆகியவற்றை அச்சுறுத்தும் நோக்கம், அல்லது மக்களிடையே அச்சம் உண்டாக்கும் நோக்கம் இருந்தாலும் போதும், அப்படி நேரக்கூடும் என்றாலும் போதும். உயர்தரக் கள்ளநோட்டும் இதற்குள் வருகிறது. ஆகவே ராணுவ முகாமைத் தாக்கிய ஆயுதக் கிளர்ச்சியாளர், பாடநூல் வரையறையில் பயங்கரவாதி ஆகாவிட்டாலும் இந்தியச் சட்டத்தில் ஆகிவிடுவார். தேர்வில் இந்த இரண்டையும் கலந்து எழுதித்தான் பலர் மதிப்பெண்ணை விடுகிறார்கள்.

முத்திரை மாறினால் வழக்கில் என்ன மாறும்?

எல்லாம் மாறும். சாதாரண வழக்கில் அதிகபட்சம் 90 நாளுக்குள் குற்றப்பத்திரிகை வராவிட்டால் ஜாமீன் உரிமை. உபாவில் நீதிமன்றம் அதை 180 நாள் வரை நீட்டலாம். முன்ஜாமீன் கிடையாது. பிரிவு 43டி(5)-இன்படி, குற்றச்சாட்டு முதல் பார்வைக்கு உண்மை என்று நம்பக் காரணம் இருந்தால் ஜாமீன் தரக்கூடாது. வழக்கை நீதிமன்றம் எடுத்துக்கொள்ள அரசின் அனுமதி வேண்டும். ஜூனியர்கள் முதலில் பார்க்க வேண்டிய தாள் அதுதான்: யார் கொடுத்தது, எந்தத் தேதியில், எந்தப் பிரிவுக்கு. ஒரே செயலுக்குச் சன்ஹிதாவின் 113-ஆ, உபாவா என்று முடிவெடுப்பவர் எஸ்.பி. அந்தஸ்துக்குக் குறையாத அதிகாரி.

2019 திருத்தத்துக்குப் பிறகு, அமைப்பை மட்டுமல்லாமல் தனி ஆளையும் பயங்கரவாதி என்று மத்திய அரசு அறிவிக்கலாம். அதற்குத் தண்டனைத் தீர்ப்பு தேவையில்லை.

ராஜீவ் காந்தி கொலை பயங்கரவாதச் செயல் இல்லை என்று நீதிமன்றம் சொன்னதாமே, உண்மையா?

உண்மை. தடா என்ற பழைய பயங்கரவாதத் தடுப்புச் சட்டத்தின் கீழ் அமைந்த பூந்தமல்லி நீதிமன்றம் 1998-இல் குற்றம் சாட்டப்பட்ட 26 பேருக்கும் மரண தண்டனை கொடுத்தது. 1999 மே 11 அன்று உச்ச நீதிமன்றம், சதியின் நோக்கம் ஒருவரைக் கொல்வது, அரசை மிரட்டுவதோ மக்களிடையே அச்சம் விளைவிப்பதோ நோக்கமாக நிரூபிக்கப்படவில்லை என்று தடா பிரிவுகளின் கீழான தண்டனையை நீக்கியது. கொலைச் சதிக்காக நான்கு பேருக்கு மரணம், மூன்று பேருக்கு ஆயுள். 19 பேர் கொலைக் குற்றத்திலிருந்து விடுபட்டார்கள். ஆனால் தடாவின் கீழ் போலீஸ் அதிகாரியிடம் கொடுத்த வாக்குமூலங்களைச் சாட்சியமாக வைத்துக்கொண்டது. சட்டம் பொருந்தாது, அந்தச் சட்டம் கொடுத்த வாக்குமூலம் மட்டும் பொருந்தும் என்பது இன்றுவரை விவாதத்துக்குரிய இடம்.

தடை செய்யப்பட்ட இயக்கத்தை ஆதரித்துப் பேசினாலே குற்றமா?

இதற்கான நாடறிந்த வழக்கு திருமங்கலத்தில்தான் தொடங்கியது. 2002 ஜூன் 29 அன்று அங்கே நடந்த கூட்டத்தில் புலிகளை ஆதரித்துப் பேசியதற்காக வைகோ ஜூலை 11 அன்று பொடா என்ற அன்றைய பயங்கரவாதத் தடுப்புச் சட்டத்தில் கைதானார். பத்தொன்பது மாதம் சிறை. இடையில், பொடாவை எதிர்த்துத் தொடுக்கப்பட்ட வழக்கில் 2003 டிசம்பர் 16 அன்று உச்ச நீதிமன்றம் சட்டம் செல்லும் என்றது. கூடவே, பயங்கரவாதச் செயலை வளர்க்கும் நோக்கம் இல்லாமல் தார்மிக ஆதரவு தெரிவிப்பது மட்டும் குற்றமாகாது என்றும் விளக்கியது. பொடா 2004-இல் போய்விட்டது, அதன் பல பிரிவுகள் உபாவுக்குள் குடியேறிவிட்டன.

உறுப்பினராக இருப்பது வேறு கதை. வெறும் உறுப்பினர் என்பது குற்றமில்லை என்று 2011-இல் வந்த தீர்ப்பை 2023 மார்ச் 24 அன்று மூன்று நீதிபதிகள் அமர்வு மாற்றிவிட்டது. பழைய தீர்ப்பை மேற்கோள் காட்டும் குறிப்புகள் கடைகளில் இன்னும் விற்கின்றன, பார்த்து வாங்குங்கள்.

கிளர்ச்சியாளர் என்று ஒப்புக்கொண்டால் சர்வதேசச் சட்டத்தில் சலுகை கிடைக்குமா?

நினைக்கிற அளவுக்கு இல்லை. 1949 ஜெனீவா ஒப்பந்தங்களின் பொதுப் பிரிவு 3, உள்நாட்டு மோதலில் சரணடைந்தவரையும் காயம்பட்டவரையும் மனிதாபிமானத்தோடு நடத்தச் சொல்கிறது. இதைப் பின்பற்றுவதால் அந்தத் தரப்பின் சட்ட நிலை மாறாது என்றும் அதே பிரிவு சொல்கிறது. போர்க்கைதி அந்தஸ்து கிடையாது, துப்பாக்கி எடுத்ததற்காகவே உள்நாட்டுச் சட்டத்தில் தண்டிக்கலாம். பொறுப்பான தலைமை, நிலக் கட்டுப்பாடு, தொடர்ந்த ராணுவ நடவடிக்கை என்று நிபந்தனை போடும் 1977-இன் இரண்டாம் கூடுதல் நெறிமுறையில் இந்தியாவும் சேரவில்லை, இலங்கையும் சேரவில்லை.

ஐ.நா.வே ஒரு வரையறை சொல்லக்கூடாதா?

முழுமையான ஒப்பந்தத்துக்கான வரைவை இந்தியா 1996-இல் கொடுத்தது. இன்னும் கிடப்பில்தான். அந்நிய ஆக்கிரமிப்பை எதிர்ப்பவரைச் சேர்ப்பதா, அரசுப் படைகளைச் சேர்ப்பதா என்ற இரண்டு முடிச்சுகளை யாராலும் அவிழ்க்க முடியவில்லை. பயங்கரவாதம் என்ற சொல்லே 1793-94 பிரெஞ்சு அரசின் கொடுமையிலிருந்து பிறந்தது என்பதை நினைத்தால், அரசுகள் இரண்டாவது முடிச்சைத் தொடத் தயங்குவது புரியும்.

கிளர்ச்சியாளரோடு பேசலாம், பயங்கரவாதியோடு பேசக்கூடாது என்பது சரியா?

நடைமுறை அப்படி இல்லை. மிசோ தேசிய முன்னணி 1966-இல் ஆயுதம் எடுத்தது, ஐஸால் மீது விமானப்படை குண்டு வீசியது. இருபது ஆண்டு கழித்து, 1986 ஜூன் 30 அன்று ஒப்பந்தம். அதன் தலைவர் லால்தெங்கா முதலமைச்சரானார். தென்னாப்பிரிக்காவின் அதிபராகவே ஆன மண்டேலாவின் பெயர் 2008 வரை அமெரிக்காவின் பயங்கரவாதக் கண்காணிப்புப் பட்டியலில் இருந்தது.

ஒரு சமூகத்துக்கே முத்திரை குத்தினால்?

உசிலம்பட்டிப் பக்கம் இதைச் சொல்லிப் புரியவைக்க வேண்டியதில்லை. ஆங்கிலேயர் காலக் குற்றப் பரம்பரைச் சட்டம் பிறப்பையே குற்றமாக்கியது. கைரேகை வைக்க மறுத்த பெருங்காமநல்லூர் மக்கள் மீது 1920 ஏப்ரல் 3 அன்று போலீஸ் சுட்டதில், மாயக்காள் உட்படப் பதினைந்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பயங்கரவாதி என்பது செயலுக்கான சொல். அதன் முன்னால் ஒரு மதத்தின் பெயரையோ சாதியின் பெயரையோ சேர்த்தால், செய்தவரிடமிருந்து குற்றத்தை எடுத்துச் செய்யாதவர் தலையில் வைக்கிறோம்.

செய்தி எழுதும்போது என்ன வரிசை?

முதல் மணி நேரத்தில் செயலை மட்டும் எழுதுங்கள்: 'குண்டு வைத்தவர்கள்', 'சுட்டவர்கள்'. முத்திரை வந்தால் யார் சொன்னது என்பதோடு எழுதுங்கள்: 'பயங்கரவாதிகள் என்று போலீஸ் கூறுகிறது'. கைதானவர் தீர்ப்பு வரும்வரை 'குற்றம் சாட்டப்பட்டவர்'. இயக்கம் பட்டியலில் இருந்தால் 'உபாவின் கீழ் தடை செய்யப்பட்ட' என்று சட்டத்தின் பெயரைச் சேருங்கள். தடையின் தேதியையும் சரிபாருங்கள்: புலிகள் மீதான தடை முதலில் 1992 மே 14, கடைசிப் புதுப்பிப்பு 2024 மே, ஐந்தாண்டுக்கு. ஏஜென்சி ஆங்கிலச் செய்தியில் 'ரெபல்' வந்தால் 'கிளர்ச்சியாளர்', 'கெரில்லா' வந்தால் கெரில்லாவே, 'மிலிட்டன்ட்' வந்தால் 'ஆயுதக் குழுவினர்'. தலைப்பில் இடம் போதவில்லை என்று 'தீவிரவாதி' போடாதீர்கள். 'ஆயுதக்குழு' அதைவிட நீளம் இல்லை.